போமி போக வேண்டிய வீடு

“அந்த விரலை அழிச்சிடு,” என்றார் மான்ஹோ.

படக்காரன் திரையைப் பார்த்தபடி தலையைச் சொறிந்தான். “அழிச்சா தோள் பள்ளமாத் தெரியுங்க ஐயா.”

“தெரியட்டும்.”

அவர் மனைவி சூனே தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு குழந்தை முதுகிலோ மடியிலோ இருந்தது. இருந்ததில் நல்லதை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அதிலும் முதுகிலிருந்த குழந்தை போமியின் விரல்கள் தோளைப் பிடித்தபடி தங்கிவிட்டன. அஞ்சலி மேடையில் வைக்கிற படம். கொரியாவின் ஆந்தோங் ஊரில், பெயர் பெற்ற குவோன் வீட்டு மருமகளின் படம். யார் கை அது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மான்ஹோ சொன்னதில் தவறில்லை.

“அம்மா வளர்த்த பிள்ளை கை அம்மா தோள்ல இருந்தா யாருக்கு என்னப்பா?” என்றாள் மகள் ஹேஜின்.

படக்காரன் அழித்தான்.

முந்தைய நாள் காலை, சோயா ஊறிய பாத்திரத்தின் பக்கத்தில் சூனே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. தத்து நிறுவனம் ஒப்படைக்கும் குழந்தைகளை, வீடு கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுப்பவள் அவள். சிலர் அமெரிக்கா போனார்கள். சிலர் பூசானுக்கும் சியோலுக்கும் போனார்கள். போமி நெஞ்சில் அறுவைத் தழும்பு. கேட்டு வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதனால் நடக்கவும் பேசவும் இங்கேயே கற்றாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த இழவு மண்டபத்துக்கு, மத்தியானம் நிறுவனத்துப் பெண் பெக் வந்தாள். இடுப்பில் போமி.

“சாவு நடந்த இடத்துக்குக் குழந்தையைக் கொண்டு வருவாங்களா?” என்றார் மான்ஹோ.

“சொல்லிட்டுப் போகத்தான் ஐயா. இன்னைக்கே வேற வளர்ப்பு வீட்டுக்கு மாத்தணும்.”

சாப்பாட்டு மேசையில் மாட்டிறைச்சிச் சூப் ஆறிக்கொண்டிருந்தது. காலையில்தான் வான்கூவரிலிருந்து வந்திறங்கிய மகன் இன்சு கரண்டியை வைத்தான்.

“எங்கேயும் மாத்த வேண்டாம். நானும் மினாவும் வளர்க்கிறோம். எங்களுக்கும் குழந்தை இல்ல.”

பெக் தயங்கினாள். “நீங்க இருக்கிறது கனடாவுல. அப்ப அது வெளிநாட்டுத் தத்து. உள்நாட்டுல யாருமே இல்லைன்னாதான் அந்தப் பக்கம் போகும். வருஷக்கணக்காகும். அப்பவும் இதே குழந்தைதான்னு நான் சொல்ல முடியாது.”

“அப்ப நான் உள்நாடு. எனக்குக் குடுங்க,” என்றாள் ஹேஜின்.

“ஏன்க்கா, உனக்கிருக்கிறது ஒரு தொடுகறிக் கடை, அதுக்குப் பின்னால ஒத்தை அறை. உன் காலை நீட்டவே இடம் இல்ல,” என்றான் இன்சு.

“உன் பெரிய வீட்டைத் தூக்கிட்டு வா, நீட்டிக்கிறேன்.”

“விண்ணப்பிக்கலாம்,” என்றாள் பெக். “வீட்டைப் பார்ப்பாங்க, வருமானம் பார்ப்பாங்க, கோர்ட் இருக்கு. அதுவரைக்கும் குழந்தை வேற ஒரு வீட்டுல இருக்கணும். நடுவுல வேற தம்பதி பொருந்திட்டா அவங்களுக்குப் போயிடும்.”

பக்கத்து மேசையிலிருந்த, மான்ஹோவுக்குப் பங்காளி முறை அண்ணன் தோக்சு அரிசிப் பலகாரத்தை மென்றபடி திரும்பினார். “உயிரோட இருக்கையில அம்மாவைப் பார்க்க வராதவன் பிள்ளை தூக்க வந்துட்டான். யாரோ பெத்ததை நம்ம வம்ச நூல்ல ஏத்தணுமா? என்ன தம்பி, நீயே சொல்லு.”

அது மான்ஹோவின் சொந்த வாசகம். போன வருடம் இன்சு தொலைபேசியில் தத்துப் பேச்சை எடுத்தபோது அவர் சொன்னது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்க நன்றாக இல்லை.

போமி அவருடைய கைப்பட்டையை, துக்கக்காரர் கட்டும் கோடு போட்ட துணியை, பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் கையை விலக்கவில்லை.

“அவ வச்சிருந்த மாதிரியே,” என்றார் மெதுவாக, “வளர்ப்பா... என்கிட்டயே இருந்தா?”

ஹேஜின் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

“அனுமதி சூனே அம்மா பேர்லதான் ஐயா.”

“நான் அவ புருஷன்.”

“தெரியும் ஐயா. உங்க பேரையும் சேர்க்கணும்னு அம்மா ஒரு தடவை கேட்டாங்க. நீங்க வேண்டாம்னுட்டீங்க.” பெக் குரலைத் தாழ்த்தினாள். “இப்போ உங்க வயசுல, தனியா இருக்கிறவருக்குப் புதுசாக் குடுக்க மாட்டாங்க.”

தோக்சு பலகாரத்தட்டைத் தள்ளி வைத்தார்.

“கடைசில எங்க போவா? இங்கேயா, வெளிநாடா?” என்று கேட்டார் மான்ஹோ.

“தெரியாது ஐயா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது.”

அஞ்சலி மேடைக்கு முன்னால் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இன்சு எழுந்து போய் நின்றான். மான்ஹோவும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் மண்டியிட்டு வணங்கினார்கள். அப்பாவும் மகனும் மண்டியிட்டுப் பதில் வணக்கம் வைத்தார்கள்.

அவர்கள் நகர்ந்ததும் பெக் வந்தாள். போமிக்கு மேல்சட்டை மாட்டியாகிவிட்டது.

“டாக்ஸி நிக்குது ஐயா. போமி, தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு.”

போமி இரண்டு கைகளையும் வயிற்றில் சேர்த்து, சூனே பழக்கியிருந்தபடி, குனிந்தாள். கொஞ்சம் அதிகமாகக் குனிந்து தலைகுப்புற விழப்போனாள். பெக் பிடித்துக்கொண்டாள். தோக்சு சிரித்தார்.

மான்ஹோ சிரிக்கவில்லை. பெரியவர்களுக்குச் செய்ததுபோலவே முதலில் ஒரு முழங்காலை மடக்கினார், பிறகு மற்றதை. நெற்றி தரைப்பாயைத் தொட்டது.

“அப்பா,” என்றான் இன்சு. “அப்பா, எழுந்திருங்க.”

அவர் நிமிர்ந்தபோது வாசலில் வரிசையாகக் கறுப்புச் செருப்புகள் இருந்தன, எல்லாம் பெரியவர்களுடையவை. அடுத்தவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.