ஒரு வரி நேரம்

ஒலிப்பதிவின் முதல் நாள் போதகர் கை நீட்டவில்லை.

அவன் உண்மையில் போதகர் இல்லை. ராக் இசைக்குழுவின் பாடகன். பேஸ் கிடாரும் அவன்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஜெபிப்பதால் அந்தப் பெயர். வைத்தவன் நெட்டை. நெட்டை லீட் கிடார் வாசிப்பவன். டிரம்ஸ் வாசிப்பவன் இடி. குழுவில் இந்த மூவர்தான்.

வழக்கம் இது. மேடையானாலும் ஒலிப்பதிவுக் கூடமானாலும், தொடங்கும் முன் மூவரும் வலது கையை ஸ்நேர் டிரம்மின் தோல்மேல் வைப்பார்கள். போதகர் ஜெபம் சொல்வான். நெட்டை கண்ணை மூடிக்கொள்வான். இடி மூட மாட்டான். அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. குழு தொடங்கிய அன்றே பேசி முடித்தது அது.

“நீ ஜெபம் பண்ணு மச்சான். கை வைக்கிறேன். கண்ணை மூடுன்னு சொல்லாத. ஆமென் சொல்லுன்னு சொல்லாத.”

போதகர் சரி என்றான். அப்போது அது நட்புக்குச் சொன்ன மச்சான். பிறகு அவன் இடியின் அக்காவைக் கட்டி நிஜ மச்சானானான்.

இப்போது இடியின் கை தோல்மேல் இருந்தது. நெட்டையின் கையும். போதகர் பேஸை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றான்.

“நேரா போயிடலாம். தொண்டை சரியில்ல.”

“தொண்டை சரியில்லாதவன் ஜெபம் பண்ண மாட்டானாம். பாட மட்டும் பாடுவானாம்,” என்றான் நெட்டை.

போதகர் சிரிக்கவில்லை. இடி கையை எடுத்தான். குச்சிகளை எடுத்தான்.

புதுப் பாட்டு. சாலையோரம் ஒருவன் வண்டிக்காகக் காத்து நிற்கிறான். வண்டி வந்ததா என்று பாட்டு சொல்லாது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதுதான். நடக்கிற வேகத்தில் போக வேண்டிய பாட்டு. அவர்கள் வாசித்து முடித்ததும் ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டினாள். அது ஓடியது.

“நாய் துரத்துற மாதிரி இருக்கு,” என்றாள் அவள்.

மறுபடி வாசித்தார்கள். இடி இழுத்துப் பிடித்தான். இப்போது அது ஊர்ந்தது.

“நாய் செத்துப்போச்சு,” என்றான் நெட்டை.

மறுநாளும் அப்படியே. ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனில் தாளம் பிடிக்க மெட்ரோனோமின் கிளிக் சத்தம் கொடுத்துப் பார்த்தாள். கடிகாரம்போல் அது காதில் சொட்டியது. இந்தக் குழு எந்த ஆல்பத்திலும் அதை வைத்துக்கொண்டதில்லை. இடி பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு போனான். கேட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

“வேகம் சரி. பாட்டுதான் இல்ல.”

அன்று பிற்பகல் ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்து ஆள் ஃபோன் செய்தான். வரிகளைப் படித்திருந்தான். நெட்டை ஸ்பீக்கரில் போட்டான்.

“இந்தத் தடவை ஆண்டவர் எங்கயும் வரல போல. நல்லது, நல்லது. ரேடியோக்காரங்களுக்குச் சுலபம்.”

“அவர் லீவுல இருக்காரு,” என்றான் நெட்டை.

ஆள் சிரித்தான். இடியும் சிரித்தான். போதகர் பேஸின் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தான்.

இத்தனை வருடமும் அந்த ஆள் ஆண்டவர் பெயரைக் குறைக்கச் சொல்லியும் போதகர் குறைத்ததில்லை. சபையில் மூப்பர்கள், இவ்வளவு சத்தத்தில் ஆண்டவர் பெயர் எதற்கு என்றார்கள். பத்திரிகைக்காரர்கள், இவ்வளவு நல்ல சத்தத்தில் ஆண்டவர் எதற்கு என்றார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பான் நெட்டை. போதகர் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னான். “எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியாது.” அந்தப் பாட்டுகள் விளையாட்டு மைதானங்களில் ஒலித்தன. துணிக்கடைகளில் ஒலித்தன. இப்போது கேட்காமலே குறைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அவள் ஆராதனை முடிந்து வந்து சமைத்திருந்தாள். இடி பசியோடு வந்திருந்தான். தட்டில் கை வைக்கப் போனவனை அக்கா முறைத்தாள்.

“சாமி இல்லாதவனுக்குச் சாப்பாடு இல்லன்னு சொன்னேனா? கொஞ்சம் பொறு.”

“யார் சொல்லப் போறா?”

“நான்தான். உன் மச்சானுக்குத் தொண்டை சரியில்லையாம்.”

அக்கா கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, வந்துட்டோம். எங்க கையைக் காத்துக்கொள்ளும். எங்க கண்ணைத் திறந்து வையும்.”

குழுவில் போதகர் சொல்லும் அதே ஜெபம். போதகரின் அப்பா சரக்கு லாரி ஓட்டியவர். சாவியைத் திருகும் முன் அவர் சொன்னது. மகன் குழுவுக்காகக் கண்ணைக் காது என்று மாற்றிக்கொண்டான். வீட்டில் இன்னும் கண்தான்.

“உம்மையே நம்பித் தொடங்குறோம்.”

அக்கா கண்ணைத் திறக்காமலே இடியின் கையில் ஒரு அடி வைத்தாள். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அவன் விரல்கள் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன. நிறுத்தினான். விரல் நின்றது. குதிகால் நிற்கவில்லை.

“முடிவு உம்ம கையில. ஆமென்.”

ஆமென்னுக்கு அடுத்த நொடி அவன் வலது கை தானாக எழுந்தது. அடிக்க. அடிக்க அங்கே டிரம் இல்லை. குழம்புப் பாத்திரம் இருந்தது.

நடக்கிற வேகம். அந்தப் பாட்டின் வேகம். எல்லாப் பாட்டின் வேகமும் அந்த ஜெபத்தைப் பிடித்துத்தான் கிளம்பியிருக்கிறது. சிலதற்கு இரட்டிப்பு, சிலதற்குப் பாதி.

அவன் நிமிர்ந்தான். எதிரே போதகர் உட்கார்ந்திருந்தான். அவன் கண் திறந்திருந்தது. இப்போதுதான் திறந்த கண் இல்லை அது. மூடவே இல்லை.

ஜெப நேரத்தில் இடி எத்தனையோ முகம் பார்த்திருக்கிறான். எல்லாம் மூடிய முகங்கள். பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். இன்று இன்னொருவன். போதகர் கையும் களவுமாக அகப்பட்டவன்போல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா, “பாடகனா இருந்தா என்ன, டிரம்மரா இருந்தா என்ன, பாத்திரம் அங்க இருக்கு,” என்றாள். இருவரும் சிங்க்கின் முன்னால் நின்றார்கள். இடி தேய்த்தான். போதகர் துடைத்தான்.

“எப்பலருந்து?” என்றான் இடி.

“மழை ஆரம்பிச்சப்போ.”

“என்ன ஆச்சு?”

“ஒன்னும் ஆகல. யாரும் சாகல. யாரும் ஏமாத்தல. ஃபோன்ல பேசிக்கிட்டே இருப்போம். லைன் கட் ஆனது தெரியாம இன்னும் கொஞ்ச நேரம் பேசுவோம்ல. அப்படி.”

“அக்காவுக்கு?”

“தெரியும்.”

“என்ன சொன்னா?”

“பாத்திரம் தேய்க்கச் சொன்னா.”

இடி ஒரு தட்டைக் கழுவி நீட்டினான். போதகர் வாங்கிக்கொண்டான்.

“இந்த ஆல்பம் முடியட்டும் மாப்ள. நான் விலகிக்கிறேன்.”

“லூசா உனக்கு?”

“முன்வரிசையில நின்னு கையத் தூக்கி அழறாங்க. நான் மேல நின்னு பாடணும். என்னால ஆகாது. அதோட, பாட்டும் போயிடுச்சு. நீயே பாத்தல்ல. நிக்கவே மாட்டேங்குது. அது போனா இதுவும் போகும்னு எனக்குத் தெரியும்.”

“பாட்டு போகல. அது நீ இல்ல, நான்.”

இடி சொன்னான். விரல், குதிகால், குழம்புப் பாத்திரம். போதகர் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பல நாள் கழித்துச் சிரித்தான்.

“எங்கப்பா ஜெபம் உனக்கு மெட்ரோனோமா?”

“ஆமா.”

“உனக்கு?”

“ஆமாங்கறேன்ல. வெளிய சொல்லித் தொலைக்காத. நாளைக்கு ஒரு தடவை சொல்லு. சும்மா. வார்த்தையா மட்டும்.”

போதகரின் சிரிப்பு நின்றது.

“மாட்டேன். ஏமாத்து அது.”

“யாரை ஏமாத்துற? நீதான் அந்தப் பக்கம் யாரும் இல்லங்கற.”

போதகர் தட்டைத் துடைத்தான். இரண்டு பக்கமும் துடைத்தான்.

“இருந்துட்டா?”

இடி குழாயைத் திறந்தான். அடுத்த பாத்திரத்தை எடுத்தான்.

மறுநாள் காலை ஒலிப்பதிவாளர் வழக்கம்போல் தேநீரை ஆறவிட்டுக் காத்திருந்தாள். போதகர் மைக்கின் முன்னால் நின்றான். இடி ஜெபத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்கினான். பாட்டு ஓடியது. மனதுக்குள் சொன்னால் எதுவும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வாய்க்குத்தான் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

அவன் பாதியில் நிறுத்தினான். குச்சிகளை மடியில் வைத்தான். வலது கையை ஸ்நேரின் தோல்மேல் வைத்தான்.

“வாங்க. கை வைங்க.”

நெட்டை போதகரைப் பார்த்தான். போதகர் இடியைப் பார்த்தான்.

“சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல.”

“நீ சொல்லாத. கை வை.”

நெட்டை வந்தான். போதகர் பேஸைக் கழற்றாமலே வந்து கையை வைத்தான். மூன்று கைகளின் கனத்தில் தோலுக்கு அடியில் இருந்த கம்பிகள் லேசாகச் சிணுங்கி அடங்கின.

“ஆண்டவரே, வந்துட்டோம்,” என்றான் இடி.

நெட்டை மூடிய கண்ணைத் திறந்துவிட்டான்.

“கண்ண மூடுடா. எங்க கையைக் காத்துக்கொள்ளும். எங்க காதைத் திறந்து வையும்.”

இதுவரை சிரமம் இல்லை. வந்ததை வந்தோம் என்று சொல்லலாம். கேட்பதை யாரும் யாரிடமும் கேட்கலாம். இருட்டில் கதவு தட்டுவதுபோல. அடுத்த வரி, ‘உம்மையே நம்பித் தொடங்குறோம்’, அப்படி இல்லை. அது சாட்சி. இடி வாயைத் திறந்தான். வரவில்லை. வரி அவனுக்கு மறக்கவில்லை. ஆயிரம் முறை கேட்ட வரி. அதைச் சொன்னால் பொய் சொன்னவன் ஆவான்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

போதகருக்கும் தெரிந்தது எந்த இடம் என்று. அவனாலும் சொல்ல முடியாது. அவனும் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றியது. தோல்மேல் மூன்று கைகள் அப்படியே இருந்தன. அந்த வரி எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை. இடியின் குதிகால் தரையில் அதை அளந்தது. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

“முடிவு உம்ம கையில,” என்றான் இடி.

“ஆமென்,” என்றான் நெட்டை. அவனுக்கு அதில் எப்போதும் தகராறு இருந்ததில்லை.

கைகள் விலகின. போதகர் மைக்குக்குத் திரும்பினான். இடி குச்சியோடு குச்சியை நான்கு தரம் தட்டினான்.

பாட்டு நடந்தது. சாலையோரம் ஒருவன் நின்றான். பேஸ் அவன் பக்கத்தில் நின்றது. போதகர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய இடம் என்று எழுதி வைத்திருந்த இடத்திலும் உயர்த்தவில்லை. வண்டி வருமா என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் நிற்பவன் உட்காரவும் இல்லை.

கடைசிச் சிம்பல் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“இதுதான். ஆரம்பத்துல பேசினது எல்லாம் பதிவாயிருக்கு. எப்பவும் போல வெட்டிடவா?”

“வெட்டிடுங்க மேடம்,” என்றான் இடி அவசரமாக. “வெளிய போச்சுன்னா என் மானம் போயிடும்.”

“போதகரே,” என்றான் நெட்டை. போதகர் திரும்பினான். நெட்டை பார்த்துக்கொண்டிருந்தது இடியை. “போதகரே, காணிக்கை எங்க போடணும்?”

ஒரு குச்சி பறந்தது. நெட்டை கிடாரைக் காப்பாற்றிக்கொண்டு குனிந்தான்.

“விளையாட்டு போதும்,” என்றாள் ஒலிப்பதிவாளர். “கிடார்ல ஒரு இடம் பிசிறு. இன்னொன்னு எடுத்து வச்சுக்கலாம்.”

“பாத்தியா, ஆண்டவர் உடனே தண்டிக்கிறார்,” என்றான் இடி.

போதகர் கீழே கிடந்த குச்சியை எடுத்துக்கொண்டு டிரம்ஸுக்கு வந்தான். கொடுத்தான். உடனே போய்விடவில்லை.

“நாளைக்கும் நீதான் சொல்லணும்.”

“நாளைக்குமா?”

“மேடைக்குப் போனாலும்.”

இடி குச்சியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். விலகுவதைப் பற்றி அவன் கேட்கவில்லை. போதகரும் பேசவில்லை.

“அந்த வரி எனக்கு வராது மச்சான்.”

“எனக்கும் வராது. வேற எதையும் அங்க போடாத. இடத்த விட்டு வை.”

ஒலிப்பதிவாளர் கை காட்டினாள். இந்த முறை போதகரின் கைதான் முதலில் தோல்மேல் வந்தது. அதன்மேல் நெட்டை. பக்கத்தில் இடி.

“ஆண்டவரே, வந்துட்டோம்.”

கை வரியும் காது வரியும் ஆயின. பிறகு அந்த இடம் வந்தது. இடி நிமிர்ந்து பார்த்தான். நெட்டையின் கண் மூடியிருந்தது. போதகரின் கண் திறந்திருந்தது. இந்த முறை அவன் குனியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, அந்த வரி கடந்துபோகும்வரை நின்றார்கள்.