அப்பல்லோ இறங்கிய நாடகம்

மேலிருந்து தெய்வம் இறங்கி முடித்துவைக்கிற நாடகம் என்றாலே நாடகக் கவிஞன் லிசானியாஸுக்கு வேப்பங்காய். கதையைச் சிக்கலாக்கிவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் பாரந்தூக்கியில் ஒரு நடிகனைக் கட்டித் தொங்கவிடுகிறவனெல்லாம் கவிஞனா என்று ஏதென்ஸ் கடைத்தெருவில் வாய் கிழியப் பேசியவன் அவன். அப்படிப்பட்டவன் இந்த வசந்த விழா நாடகத்தில் நோய் தீர்க்கும் தெய்வமான அப்பல்லோவை இறக்கச் சம்மதித்தான் என்றால், அது மனைவி நிகரெத்திக்காகத்தான்.

போன கோடையில் கொள்ளைநோய் அவர்களுடைய ஒரே மகன் மெலந்தோஸைக் கொண்டுபோனது. அப்பல்லோ கோயில் படியில் விழுந்து கிடந்து அழுதாள் நிகரெத்தி. எந்தத் தெய்வமும் எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகு லிசானியாஸ் எழுதிய நாடகத்திலும் ஒரு பையன் நோயில் சாகிறான். வாசித்துக் காட்டியபோது அவள் அழவில்லை. அடுப்பில் பருப்புக் கஞ்சி பொங்கி வழிந்தது, எழுந்திருக்கவும் இல்லை.

"நம்ம புள்ளைக்குத்தான் சாமி வரலை. இது நீங்க எழுதுறதுதானே? நீங்க வான்னா வந்துதானே ஆகணும்?"

ஊர் சிரிக்கும் என்றான் அவன்.

"சிரிக்கட்டும். இந்தப் புள்ளையாவது பொழைக்கட்டும்."

கடைசிக் காட்சியை மாற்றி எழுதினான்.

விழாவன்று மானம் கப்பலேறியது. கயிறு பாதியில் சிக்கி, அப்பல்லோ ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடி, ஒருவழியாகத் தரையைத் தொட்டார். கூட்டம் உட்கார்ந்திருந்த பலகைகளைக் குதிகாலால் உதைத்துக் கூச்சல் போட்டது; அத்திப்பழங்கள் பறந்து வந்தன. போட்டியில் கடைசி இடம். போனால் போகட்டும், அவளிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறதே என்று வீட்டுக்கு விரைந்தான்.

நாடகம் பார்க்க மனம் ஒப்பாமல் வீட்டிலேயே இருந்த நிகரெத்தி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சாமி வந்துச்சா?"

"வந்துச்சு."

"புள்ள எழுந்துட்டானா?"

"எழுந்துட்டான். கண்ணைத் திறந்து உக்காந்தான்."

அவள் சிரித்தாள். மகன் போன பிறகு அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை. பாவி மனுஷன், அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் மிச்சத்தையும் சொன்னான்: பையனை அப்பல்லோ வாரி அணைத்துக்கொண்டதை, கயிறு இருவரையும் மேலே இழுத்ததை, தேவர்களோடு என்றென்றும் வாழ அவனை அழைத்துப்போனதை. தெய்வம் இறங்கினால் அப்படி முடிப்பதுதான் வழக்கம். எழுதும்போது அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நிகரெத்தியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மேலயா? அப்போ அவனோட அம்மா?"

அம்மா கீழே நின்று, கைகளை உயர்த்தித் தெய்வத்துக்கு நன்றி சொல்வதாக எழுதியிருந்தான். அதைச் சொல்லாமல், மேலங்கியில் ஒட்டியிருந்த அத்திப்பழச் சதையைத் துடைக்கத் தொடங்கினான்.

"கீழேயே நின்னுட்டாளா," என்றாள் அவளே. "அவ புள்ளையையும் கொண்டு போயிட்டாங்களா."