தூளியில் கட்டிய ராணுவத் துணி

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் தனபாலின் கைக்குழந்தை அகல்யா, வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். தொட்டால் இருந்தாள், பசித்தால் அழுதாள். அந்த வாரம் வெங்காயமும் விலையேறியிருந்தது.

எல்லையில் பதற்றம் கூடிய அவ்வாண்டில் அரசு ராணுவச் செலவை உயர்த்தியது. அதன் ஒரு கிளை, செவ்வாய்ப்பேட்டைத் துணி வியாபாரி ஜீவானந்தத்தின் வழியாக, கைலி நெய்துகொண்டிருந்த அத்தெருவை வந்தடைந்தது. வீரர்களை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் துணிக்கான ஆர்டர் அது. தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால், முதலில் அறுக்கும் துணியை வீட்டுக் குழந்தைக்குத் தூளியாகக் கட்டுவது அங்கே வழக்கம். எல்லா வீட்டிலும் கட்டினார்கள்; தனபாலின் மனைவி மைதிலி முதலில் கட்டினாள். எல்லாத் தூளியிலும் துணி தன் வேலையைச் செய்தது.

“ஏனுங்க, புள்ள இங்கதான் கெடக்கறா. கையக் குடுத்துப் பாருங்க.”

தனபால் கையை நீட்டினான். வெற்றிடம் அவன் விரலை இறுகப் பற்றியது. செய்தி கேட்டு வந்த ஜீவானந்தம் தூளியைத் தடவிப் பார்த்தார். “நல்ல சரக்குங்க தனபாலு. இதச் சொன்னாப் போதும், அடுத்த ஆர்டரும் நமக்குத்தான்.”

தூளியை எரித்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், சோப்பு நுரை மட்டும் சிறிது நேரம் அவள் வடிவில் நின்று வடிந்தது. தெருவில் மாடிகள் எழுந்தன. மாவட்டத்தின் வளர்ச்சியைப் பாராட்ட அதிகாரிகள் வந்தார்கள். அங்கன்வாடிக்கு வரவேண்டிய கூரை வரவில்லை.

ஐப்பசியில் இரு நாடுகளும் பேசத் தொடங்கின. ஆர்டர் நின்றது, தறிகள் நின்றன. அன்று மைதிலி குழந்தையின் இடது காதைக் கண்டாள். பிறகு தோள் தெரிந்தது, முழங்கால் தெரிந்தது. அடுப்பில் உலை ஏறுவதும் ஒருவேளையாகக் குறைந்தது. இருவரும் தொலைக்காட்சிச் செய்தியின் முன் அமர்ந்திருந்தார்கள். எந்தச் செய்திக்கு அஞ்சுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. “மொகம் மட்டும் தெரிஞ்சாப் போதும் சாமி,” என்று மைதிலி குழந்தையிடம் கெஞ்சினாள்.

முகம் தெரியுமுன் எல்லையில் மீண்டும் சுட்டார்கள். முன்னதிலும் பெரிய ஆர்டர் வந்தது. தனபால் தறியின் சுவிட்சில் கைவைத்தபடி நின்றான்.

“போடுங்க,” என்றாள் மைதிலி, குழந்தையின் காதிலிருந்து கண்ணை எடுக்காமல். “மறையற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கறேன்.”

தறி ஓடியது.

இப்போது அத்தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் கொலுசு உண்டு. அங்கன்வாடி டீச்சர் ரஞ்சிதா சத்தத்தை வைத்து வருகை பதிகிறார். சத்தம் கேட்காத குழந்தைகள் தூங்குவதாக எழுதிக்கொள்கிறார்.