வெளிச்சத்தில் நின்ற சிவப்பணு

அகேயோவுக்கு வெளிச்சத்தால் ஒரு பொருளைப் பிடித்து நிறுத்தத் தெரியும். கிசுமு நகரின் ஏரிக்கரையில் இருந்த எங்கள் ஆய்வகத்தில் அவள் ஒருத்திதான் இயற்பியல் படித்தவள். மற்றவர்களான நாங்கள் செல்லையும் நோயையும் படித்தவர்கள். லேசர் கதிரை ஒரு புள்ளியாகக் குவித்து, ஒரே ஒரு சிவப்பணுவை அதில் நகராமல் மிதக்கவிடுவாள். அந்த அறைக்குள் போனால் நாங்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

அவள் தம்பி ஓலுவோச்சுக்குப் பிறந்ததிலிருந்தே அரிவாள் அணு நோய். ஆக்சிஜன் குறைந்தால் அவன் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்து, மெல்லிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். வலி வந்தால் நாள்கணக்கில் படுக்கை. நன்றாயிருக்கும்போது கல்யாணங்களில் கிட்டார் வாசிப்பான். உடம்பு தேறியதும், அணுக்களைப் பெருக்கவைத்து வளையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடுவான். தினமும் காலையில் எழுந்ததும் தான் நோயாளி என்று அது ஞாபகப்படுத்துகிறதாம். அகேயோ சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

ஆய்வுக்கு இரத்தம் கொடுக்க மட்டும் அவன் தயங்கியதில்லை. கொடுத்துவிட்டுப் பொரித்த மீன் தின்னக் கிளம்பிவிடுவான். ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. போக வழியில்லாமல் அறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

திரையில் அவனுடைய அணு ஒன்று, நடுவில் குழிந்த வட்டமாக, மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மழை இரைச்சலில் அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றியது எனக்கு.

“இதுவா நானு?”

“உன்னில துளியூண்டு.”

“அழகாத்தான் இருக்கேன்.”

அகேயோ ஆக்சிஜனைக் குறைத்தாள். வட்டத்தின் ஓரம் இழுபட்டது. ஒரு பக்கம் கூரானது. பிறகு அணு முழுவதும் பிறையாக வளைந்து விறைத்தது. ஓலுவோச்சின் கை முழங்காலுக்குப் போனது. அவனுக்கு வலி தொடங்குகிற இடம் அது.

“அதுக்கு மூச்சு முட்டுதுக்கா. காத்தக் குடு.”

கொடுத்தாள். பிறை தளர்ந்து, தூக்கம் கலைவதுபோல மெதுவாக வட்டமானது. வளைந்திருந்த அடுத்த அணுவுக்கும் கொடுத்துப் பார்த்தாள். அது நிமிரவே இல்லை. எத்தனையோ தடவை வளைந்து நிமிர்ந்து அதன் தோல் கெட்டுப்போயிருக்கும் என்றாள். மழை விட்ட பிறகும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில மாதம் கழித்து அவன் கொடுத்த இரத்தம் அகேயோவைக் குழப்பியது. அணுக்கள் கொஞ்சம் பெருத்திருந்தன. ஆக்சிஜனைக் குறைத்தும் பல வளையவில்லை. கருவியில் கோளாறோ என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். கருவி சரியாகவே இருந்தது. அவள் வராந்தாவுக்குப் போனாள். அவன் கட்டைச்சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“மாத்திர போடுறியாடா?”

“உங்கிட்ட ஒண்ணும் மறைக்க முடியாதே.”

“எப்பலேருந்து?”

“அந்த மழையிலேருந்து. எனக்காக இல்லக்கா. எனக்கு வலிச்சா உன்னையத் திட்டுவேன். அந்த அணு யாரத் திட்டும், பாவம்?”

அகேயோ அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நோய் போய்விடவில்லை. வலி அபூர்வமாக வந்துபோனது. ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான அஹேரோவில் ஒரு கல்யாணத்தில் அவன் வாசித்தான்; நாங்களும் போயிருந்தோம். பாட்டின் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான். முன்பென்றால் வலி வந்துவிட்டதோ என்று அகேயோ எழுந்து ஓடியிருப்பாள். அன்று தட்டில் இருந்த ஆட்டுக்கறியை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.