பன்றிக் கூட்டுக்குச் சோறு

இத்தாலியில் நாங்கள் இருந்த சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழங்கள் பிந்தித்தான் பழுக்கும். மற்ற இடங்களில் பறித்து முடித்த பிறகு, தை மாசியில் எங்கள் மரங்கள் நிறைந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் மலையிலிருந்து இறங்கின. தாழ்ந்த கிளைகளை முறித்தன. வேர்களைக் கிண்டின. தண்ணீர்க் குழாய்களைக் கடித்துப் பிய்த்தன. அப்பா ஒட்டிய குழாயையே மறுநாளும் ஒட்டினார். அதற்கு மறுநாளும் ஒட்டினார்.

தோட்டம் முதலாளியம்மா சிஞ்ஞோராவுடையது. நாங்கள் அதற்குள் இருந்த சின்ன வீட்டில் காவலுக்கு இருந்தோம். இந்த முறையும் பழம் போனால் தோட்டத்தை விற்றுவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். விற்றால் வீடு போகும். அப்பாவின் வேலையும் போகும். அந்த வேலையைக் காட்டித்தான் இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ எங்களுக்குக் கிடைத்தது.

சிஞ்ஞோரா அனுப்பிய வேட்டைக்காரர் தொத்தோ ஒரு பெரிய இரும்புக் கூட்டைக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவே இறக்கினார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்ததால் மொழிபெயர்ப்பது என் வேலையாயிற்று. அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

"ஒரு காலம் வேட்டைக்கு ஆசைப்பட்டவைதான் இதுகளைக் கொண்டுவந்து மலையில விட்டவையாம் அப்பா. வீட்டுப் பன்றியளோட சேர்ந்து பெருகிப்போச்சாம். மதோனியே மலையில மானும் இப்பிடித்தானாம். சுடுற வேட்டைக்காரர்தான் இப்ப கிழடாகிட்டினமாம்."

"அவர் மட்டும் இளந்தாரியோ?" என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கூட்டின் கதவை முதலில் திறந்தே கட்டிவைத்து, உள்ளே சோளம் போட்டு, பன்றிகளைப் பழக்கவேண்டும். பழகிய பிறகுதான் கதவு தானாக விழும்படி பொறியைப் பூட்டவேண்டும். அப்பா ஒவ்வொரு மாலையும் சோளம் போட்டார். எலிகள் கொஞ்சம் தின்றன. மிச்சம் பூஞ்சணம் பிடித்தது. பன்றிகளோ மரங்களைத்தான் முறித்தன.

தொத்தோ ஒரு மரத்தில் கமரா கட்டினார். அடுத்த ஞாயிறு வந்து படத்தைத் தன் போனில் காட்டினார். அன்று வேலையில்லாததால் அம்மாவும் வந்து பார்த்தார்.

ஒரு தாய்ப்பன்றி, பின்னால் குட்டிகள். கூட்டைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து எங்கள் வீட்டின் பின்பக்கம் போயின. அங்கே ஒரு தட்டைக் கல் இருந்தது. கல்லின்மேல் சோறும் கறியும் இருந்தன. தாய்ப்பன்றி நக்கித் துடைத்துத் தின்றது.

அது மாமாவின் சோறு.

அம்மாவை வளர்த்தவர் அவருடைய அண்ணன். ஐப்பசியில் அவர் ஊரில் இறந்தபோது பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அம்மாவால் போக முடியவில்லை. வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசம் வரைக்கும் நாளும் காகத்துக்குச் சோறு வைப்பதென்று அன்று முடிவெடுத்தார். ஆனால் நகரத்துக்குள் பொலிதேயாமாவில் வீடுகள் துடைக்கும் வேலையை முடித்து, பஸ் பிடித்து வந்து சமைக்கும்போது பொழுது பட்டுவிடும்.

"காகம் அடைஞ்சிருக்கும், இப்ப எது வரும்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"அண்ணைக்கு இஞ்சத்தைய நேரம் தெரியும்" என்றார் அம்மா. விடிய எழும்பிப் போய்ப் பார்ப்பார். கல் துப்பரவாக இருக்கும். அன்று வேலைக்குப் போகும்போது அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

"ஒரு நாளும் காகம் வரேல்லையோ எண்டு கேள், பிள்ளை" என்றார் அம்மா.

கேட்டேன். தொத்தோ முழுவதையும் ஓட்டிக் காட்டினார். இருட்டும் பன்றியும்தான்.

"சோளம் ஏன் தின்னேல்லை எண்டு இப்ப விளங்குது" என்று சிரித்தார் தொத்தோ. "நானும் நாளைக்குப் பின்பக்கமாச் சாப்பிட வரட்டோ?" பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். சோறு வைப்பதை நிறுத்தினால் அவை சோளத்துக்கு வரக் கனநாள் எடுக்கும், அதற்குள் பழம் முடிந்துவிடும், சோற்றைக் கூட்டுக்குள் வைப்பதுதான் வழி என்று என்னிடம் சொன்னார். நான் சொல்லத் தயங்கினேன். அம்மாவுக்கு அவ்வளவு இத்தாலியன் விளங்கும்.

அன்று மாலை அப்பா மெல்லத் தொடங்கினார். "இஞ்சரும், கோவிக்காதையும்..."

"வீடு போனா எங்கையப்பா போறது? எனக்கும் விளங்குது" என்றார் அம்மா.

அம்மா கூட்டுக்குள் சோறு வைத்தார். மறுநாளும் வைத்தார். பன்றிகள் உள்ளே போய் வரப் பழகின. பொறியைப் பூட்டும் நாளில் அம்மா நேரத்தோடு வந்தார். மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார், பருப்பு வைத்தார், அப்பளம் பொரித்தார்.

"இது பன்றிக்கப்பா" என்றார் அப்பா.

"இவ்வளவு நாளும் அண்ணைக்காகச் சாப்பிட்டதுகள். இண்டைக்கு வெறுஞ்சோறு வைக்கேலாது."

விடியற்காலையில் கூட்டுப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. பிறகும் கேட்டது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

தொத்தோ கை கழுவ வந்தார். இறைச்சி வேண்டுமா என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். சிஞ்ஞோரா இந்த வருடம் தோட்டத்தை விற்கமாட்டாராம் என்று தொத்தோ சொன்னபோது, அப்பா கதவுநிலையில் சாய்ந்து அப்படியே இருந்துவிட்டார்.

"ஆனா இந்த இடம் வெறுமையாய்க் கிடக்காது" என்றார் தொத்தோ. "மேலயிருந்து வேறொரு கூட்டம் இறங்கும். வாற கிழமையும் சோறு வைக்கவேணும்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.

"விளங்கினது" என்றார் அம்மா. பொலிதேயாமா பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வைக்கிறன் எண்டு சொல்லு. அதுகளுக்கு வெறுஞ்சோறு போதும்."