டூட்டியும் ஷிப்டும்

அன்று பிற்பகல் நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்று காலையில்தான் வெளியே வந்த பெரியப்பா. தூக்கத்திலிருந்து எழுப்பி உட்கார வைக்கப்பட்ட நான். நான்கு பேருக்கு மூன்று நாற்காலி. அம்மா தையல் மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மருந்துக் குப்பிகள், சிரிஞ்சுகள், மடித்த சீட்டு. பெரியப்பாவின் இடது புறங்கையில் ஊசிக்குழாயை எடுக்காமல் பிளாஸ்டர் ஒட்டி விட்டிருந்தார்கள்.

"இன்னும் அஞ்சு நாள், காலையும் சாயங்காலமும் போடணும்," என்றாள் பெரியம்மா. "டாக்டர் விடவே மாட்டேன்னாரு. எங்க வீட்லயே நர்ஸ் இருக்கா, என் தங்கச்சி பொண்ணுன்னு சொன்னேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாரு."

"எந்த நர்ஸு?" என்று கேட்டேன். எனக்கு இன்னும் முழுசாக விழிப்பு வந்திருக்கவில்லை.

பெரியப்பா சிரித்தார். "பாரு, டூட்டி முடிஞ்சா, தான் யாருன்னே மறந்துடுது இவளுக்கு."

நான் நர்ஸ் இல்லை. நர்ஸிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள். பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஒரு பாடத்தில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை தேர்வுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது இருபத்தைந்து வயது. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இரவு வேலை. ரத்தம் பட்ட துணி ஒரு தொட்டி, படாதது ஒரு தொட்டி. மெஷினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு போர்வையையும் உதற வேண்டும். பல்செட் விழும், மூக்குக்கண்ணாடி விழும். ஒருமுறை பாதி தின்ற ரொட்டி விழுந்தது.

அம்மா யாரிடமும் பொய் சொன்னதில்லை. பொண்ணு என்ன பண்றா என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில நைட் டூட்டி" என்பாள். அவ்வளவுதான். சலவையில் நாங்கள் யாரும் டூட்டி என்று சொல்வதில்லை, ஷிப்ட் என்போம். டூட்டி என்பது மேல்மாடி வார்டுகளில் இருக்கும் நர்ஸ்களின் சொல். அதை அம்மா எங்கிருந்தோ பொறுக்கி எடுத்து வந்து எனக்குப் போட்டுவிட்டாள். மீதியைக் கேட்டவர்களே தைத்துக்கொண்டார்கள். பெரியம்மா வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள். நான் வெளுக்கிறவள் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

நானும் திருத்தவில்லை. மூன்று வருடம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

"டீ போடறேன், கொஞ்சம் உள்ள வா," என்றாள் அம்மா.

அம்மா ஒரு துணிக்கடையில் மாற்றுத் தையல் செய்கிறாள். பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது. வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு பேசிப் பேசி, வாயில் ஒன்றும் இல்லாதபோதும் உதடு பிரியாமல்தான் பேசுவாள்.

"போட்டுடு."

"என்னம்மா விளையாடறியா?"

"மூணு வருஷம் படிச்சியே. ஒரு ஊசி போடத் தெரியாதா?"

"அப்போ பக்கத்துல ஒரு சிஸ்டர் நின்னாங்க. தப்பா போனா கையைத் தட்டிவிட."

"நான் நிக்கிறேன்."

"நீ நின்னு? நீ பேன்ட்டைக் குறைக்கிறவ."

"ஆமாடி, குறைக்கிறவதான். நீ கிழிச்சதை மூணு வருஷமா வெளிய தெரியாம மடிச்சுத் தைக்கிறதும் நான்தான்." அடுப்பைப் பற்ற வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க அக்கா முன்னாடி மட்டும் என்னைத் தலை குனிய வச்சிடாதே. ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் எதுவும் கேட்கமாட்டேன்."

அம்மா என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. படிப்பை விட்டபோதுகூட ஏன் என்று கேட்கவில்லை.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். சீட்டைப் படித்தேன். முதலில் கொஞ்சம் சலைன், வெறும் உப்புநீர், செலுத்தி வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. சிரிஞ்சில் சலைனை உறிஞ்சினேன், காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றினேன். கை எதையும் மறந்திருக்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெரியம்மா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் அம்மா நிமிர்ந்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

மெதுவாக அழுத்தினேன். பெரியப்பா பல்லைக் கடித்தார். குழாய்க்கு மேலே தோல் சின்னதாகப் புடைத்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஊசி நரம்பை விட்டு விலகிவிட்டது. சலைன் தோலுக்கடியில் தேங்குகிறது. மருந்தை ஏற்றியிருந்தால் கை என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தோல் கறுத்து வெந்துபோன ஒரு கையைப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது.

சிரிஞ்சை எடுத்துவிட்டேன்.

"இது நகர்ந்துடுச்சு. இதுல போடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் வேற கையில புதுசா வைக்கச் சொல்லுங்க. இப்பவே."

இதோடு முடிந்திருக்கலாம். ஒரு நர்ஸும் இதையேதான் சொல்லியிருப்பாள். யாருக்கும் தலைகுனிவு இல்லை. எனக்கு மூச்சுகூட வந்துவிட்டது.

"மறுபடியும் ஆஸ்பத்திரியா? நீயே இன்னொண்ணு குத்த வேண்டியதுதானே?" என்றாள் பெரியம்மா.

"இங்க ஊசிக்குழாய் இல்ல."

"அவ ஆஸ்பத்திரியில இல்லாததா?" என்றாள் அம்மா. "இன்னிக்கு டூட்டிக்குப் போறப்போ எடுத்துட்டு வந்து, நாளைக்குக் காலையில குத்திடுவா. அஞ்சு நாளும் அவளே பார்த்துக்குவா. நீ ஏன்க்கா அலையறே?"

யாரும் கேட்காமலே சொன்னாள். குரலில் அவ்வளவு பெருமை. அவளே நம்பிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெரியம்மா பையை மூடி எங்கள் அலமாரிப் பக்கம் நகர்த்தினாள். பெரியப்பா புறங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, நான் நர்ஸ் இல்ல," என்றேன். "படிப்பை முடிக்கல. ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறேன்."

பெரியம்மா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "என்னடி சொல்றா இவ?"

அம்மா ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டாள்.

"மூணு வருஷமா? ஏண்டி, நான் தெருவுல ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கேனே! அந்த டாக்டர் மூஞ்சியில இப்போ எப்படிப் போய் முழிப்பேன்?"

"விடு," என்றார் பெரியப்பா. "துவைக்க ஆள் இல்லாட்டி நான் எவன் ரத்தத்துல படுத்திருப்பேனோ. இப்ப எனக்குக் கை வலிக்குது. அதைப் பாரு முதல்ல."

சீட்டின் பின்பக்கம் எழுதினேன். நேரம், எவ்வளவு சலைன் போனது, மருந்து ஏற்றவில்லை என்பது. பெரியப்பா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"நீயும் வா. அவங்க ஏதாவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

உடை மாற்றிக்கொண்டேன். அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டையோ மடியில் போட்டிருந்தாள். பெரியம்மா அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனாள்.

"அம்மா, நீயும் வா."

"மூணு வருஷம் திறக்காத வாய். இன்னிக்கு அவ முன்னாடிதான் திறக்கணுமா?"

"நீ நாளைக்குன்னு சொன்னியேம்மா. அவர் கை..."

"நாளைக்குள்ளதை நாளைக்குப் பார்த்திருப்பேன். ஏதாவது சொல்லியிருப்பேன். உனக்குக் காய்ச்சல்னு சொல்லியிருப்பேன்." நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தாள். முதல் முறையிலேயே போனது. "எனக்கு அது ஒண்ணுதாண்டி இருந்துச்சு."

செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெரியப்பாவின் நல்ல கையைப் பிடித்துப் படி வரை கூட்டி வந்தேன். பெரியம்மா ஏற்கெனவே ஒரு மாடி கீழே போய்விட்டாள். பின்னால் மெஷின் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அம்மா வருகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். வாசல் வரை வந்தாள். என்னைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி, இரண்டு சுற்று.