கடல் சரியில்லையாம்

டாக்சி தெருமுனையில் திரும்பியதுமே கோகிலவாணி துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். பந்தலைப் பார்த்ததும் கத்திவிடக் கூடாது என்று மாலத்தீவின் மாலேயில் விமானம் ஏறும்போதே தீர்மானித்திருந்தாள். வண்டி ஊர்ந்து போய் வீட்டு வாசலில் நின்றது. பந்தலைக் காணோம். பிளாஸ்டிக் நாற்காலி இல்லை, மேளம் இல்லை, சுவரில் அப்பாவின் படம் போட்ட போஸ்டர் இல்லை. கேட்டில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"வீடு இதானா மேடம்?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா இட்லி மாவுக் கையோடு ஓடி வந்தாள். "இன்னாம்மா, இங்க வந்து நிக்கிற? எல்லாரும் தாம்பரத்துல ஆஸ்பத்திரில கீறாங்க. உங்கப்பா உன்னிய கேட்டுகினே கீறாராம். பொட்டிய எறக்கி வுட்டுட்டு அப்டியே ஓடு!"

"அப்பா... உயிரோட இருக்காரா?"

"அடிப்பாவி, வாயக் கழுவு! காலைல கூட ரெண்டு ஸ்பூன் கஞ்சி குட்ச்சாராம். உங்கண்ணி போன்ல சொல்லிச்சு."

கோகிலவாணி டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாம்பரம்! முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் அவள் வந்திருந்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது அதன் கண்ணாடிக் கதவு திறந்து மூடுவதைக்கூட வேடிக்கை பார்த்திருந்தாள்.

வண்டியைத் திருப்பச் சொன்னாள். பெட்டியை இறக்க மறந்தே போயிற்று.

தப்பு அவளுடையது மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குடும்பத்தில் வெளியூரில் இருப்பவர்களுக்குச் சாவை நேராகச் சொல்லும் வழக்கமே கிடையாது. ராணுவத்தில் இருந்த சித்தப்பாவுக்கு, தாத்தா செத்து ஒரு நாள் ஆனபிறகு 'உடம்பு மோசம்' என்றுதான் தந்தி போயிற்றாம். வழியெல்லாம் அழுதுகொண்டு வரக் கூடாதாம், அவ்வளவு கரிசனம். நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது அண்ணன் தினகரன் அதையேதான் செய்தான். "ஐசியூல சேர்த்திருக்கோம். கண்ணு முழிச்சிருக்காங்க. உன்னத்தான் கேக்கறாங்க. உடனே கெளம்பி வா" என்றான். போனைக் கொடு, ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றதற்கு, உள்ளே போன் விட மாட்டார்கள் என்றான். அவளும் நம்பினாள். ஸ்பீடு போட்டில் மூன்று மணி நேரம், விமானத்தில் ஒன்றரை மணி நேரம், நம்பிக்கை குறையாமல் வந்தாள். மாலேயில் அம்மாவுக்குப் பிடித்த பால்மாவு டின் இரண்டு வாங்கினாள். அந்த டின்களை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோவில் உட்கார்ந்தபடி பந்தலைப் பார்த்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "என்னைய என்ன நெனச்ச? வழிபூரா சாமிக்கு வேண்டிகிட்டு வந்தேனே, பைத்தியக்காரி மாதிரி. இனிமே எதுவா இருந்தாலும் நேரா சொல்லு." தினகரன் தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றான்.

சரி என்று சொன்னவன், நேற்றுப் பகல் பன்னிரண்டரைக்கு, அவள் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். "அப்பாவ தாம்பரத்துல ஐசியூல சேர்த்திருக்கோம். கண்ணு முழிச்சிருக்காரு. உன்னத்தான் கேக்கறாரு. உடனே கெளம்பி வா கோகிலா."

சொல்லுக்குச் சொல் அதேதான். போனை அப்பாவிடம் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா போய்விட்டார் என்று புரிந்துகொண்டாள். "நாளைக்குக் காலைல போட்டு ஏறி வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. நான்கு மணி ஸ்பீடு போட்டில் இடம் சொல்லி வைக்கிறேன், இரவே சென்னைக்குப் போய்விடலாம் என்றாள். கோகிலவாணிதான் வேண்டாம் என்றாள். போனவரைப் பார்க்க என்ன அவசரம்? அம்மாவைப் போலவே ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். ஓடிப் போய் அந்தப் பெட்டியின் முன்னால் நிற்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு ராத்திரியாவது தனியாக அழுதுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

அவள் வேலை பார்த்தது எழுநூறு பேர் வாழும் தீவில். நிதானமாக நடந்தாலே அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். ஏழு வருஷமாக அங்கே அவள் 'மிஸ்'. பெயரே மிஸ்தான், கடைக்காரரும் மிஸ் என்பார், பள்ளிவாசல் பெரியவரும் மிஸ் என்பார். காய்கறி செவ்வாய்க்கிழமைப் படகில் வரும். வந்த அன்று தக்காளிக்கு அடிபிடி, அடுத்த திங்களன்று வெறும் பருப்பு. அப்பாவுக்கு அந்தத் தீவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். தினமும் பள்ளி விட்டபிறகு போன் செய்வார். வெங்காயம் வந்ததா என்பார், மீன் தின்னப் பழகிக்கொண்டாயா என்பார், பையன்கள் அடங்கி உட்காருகிறார்களா என்பார். பேச வேறொன்றும் இருக்காது. ஆனாலும் வைக்க மாட்டார். கூடுவாஞ்சேரி மார்க்கெட்டின் இரைச்சலோ, ரயில் போகிற சத்தமோ அவர் பின்னாலிருந்து கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவளும் வைக்காமல் இருப்பாள். ஊர் ஏக்கம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சத்தத்துக்காக நாள் முழுக்க ஐந்து மணியை எதிர்பார்த்திருந்தாள் என்பதுதான் நிஜம்.

அன்று நான்கு மணிக்குப் படகுத்துறைக்குப் போய், கயிறு பின்னிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஸ்பீடு போட்டு கிளம்புவதைப் பார்த்தாள். கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பிறகு அறைக்கு வந்து அழுதாள். கூடத் தங்கியிருந்த மார்த்தாண்டத்துக்காரி ஜோசலின் டீச்சர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாணவர்களின் அம்மாக்கள் வந்து சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அழுது ஓய்ந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மிச்சமிருந்த பதினாறு தாள்களையும் திருத்தி மதிப்பெண் பட்டியலை எழுதி முடித்தாள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள் எதையும் பாக்கி வைத்துவிட்டுப் போகக் கூடாது. காலையில் படகு ஏறும்போது போனை அணைத்தாள். அந்தப் பொய்யை இன்னொரு தடவை கேட்க அவளால் ஆகாது.

இப்போது வண்டி பெருங்களத்தூரில் நின்றுவிட்டது. முன்னால் பேருந்துகள், பின்னால் பேருந்துகள். பையிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தாள். அது தீவு சிம், சிக்னல் வரவில்லை. "உங்க போன் குடுங்க" என்று டிரைவரிடம் வாங்கினாள். அண்ணன் நம்பர் மனப்பாடமாக இல்லை. அப்பா நம்பர் தெரியும். அதற்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்" என்றாள். "பறக்கவா முடியும் மேடம்?" என்று சொன்னவர், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹார்னை அழுத்தினார். சாமியை வேண்டிக்கொண்டாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் வேண்டியதைப் போலவே, கூச்சமில்லாமல், பைத்தியக்காரி மாதிரி வேண்டிக்கொண்டாள்.

ஐசியூ வாசலில் அண்ணி ஜெயஸ்ரீ சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கோகிலவாணியைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தினகரன் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பேனாவை மூடவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"இருபது நிமிஷம் ஆவுது கோகிலா."

அவள் ஐசியூ கதவைப் பார்த்தாள்.

"போன் போட்டுகிட்டே இருந்தேன். போகவே இல்ல."

"கடல்ல சிக்னல் இல்ல."

"தெரியும். போட்டும் கெடைக்கலல்ல? நீ நாளைக்குன்னு சொன்னப்பவே புரிஞ்சிகிட்டேன்." பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். "நான் இந்த வாட்டி நேரா சொன்னேன். நீ அன்னிக்கு சொன்னியே. இருக்கறத இருக்கறபடியே சொல்லிட்டேன்."

அவன் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அப்பா போன துக்கத்துக்கு நடுவிலும், தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய திருப்தி. அதைப் பிடுங்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமாண்ணா. போட்டு கெடைக்கல" என்றாள்.

உள்ளே போய்ப் பார்த்தாள். அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. கண்ணில் சொட்டு நீர் வரவில்லை. அத்தனையையும் அவர் உயிரோடு இருந்தபோதே அழுது தீர்த்துவிட்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டது படகுக் கதை. மாலையோடு வந்தவர்கள் ஒவ்வொருவரும், "கடல் சரியில்லையாமே, போட்டு விடலையாமே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள், அழ வையுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் தெருவைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். ஈரத் தலையோடு பின்கட்டில் உட்கார்ந்திருந்த கோகிலவாணியின் பின்னால், அப்பாவின் தங்கை முனியம்மா அத்தை துண்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"முந்தாநேத்து சாயங்காலம் அஞ்சு நிமிசம் உள்ள வுட்டாங்கோ. நானும் தினாவும் போனோம்" என்றாள் அத்தை, தலையைத் துவட்டிக்கொண்டே. "வாணி கெளம்பிட்ச்சானு கேட்டாரு. கடல் சரியில்லபா, போட்டு வுடல, காலைல வந்துடுவானு இவன் சொன்னான். எங்கண்ணன் இன்னா சொன்னாரு தெர்மா?"

கோகிலவாணி முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"'அப்போ வர வாணாம்னு சொல்லுடா. கடல் அடங்கினப்பறம் மெதுவா வரட்டும். நா எங்க ஓடிடப் போறேன்'ன்னாரு. அவ்ளோதாம்மா. அப்பறம் கண்ணத் தொறக்கறது, மூடறது, அதான்."

பின்கட்டில் கழுவி விட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மறுபடியும் துவட்ட ஆரம்பித்தாள்.

"அலை ரொம்ப ஒசரமாம்மா?"

"ஆமா அத்தை" என்றாள். "ரெண்டாள் ஒசரம்."

"அய்யோ."

"காத்து வேற. மதியத்துல இருந்தே ஆரம்பிச்சிடுச்சு. படகெல்லாம் கரையில இழுத்துக் கட்டிட்டாங்க. நான் பொட்டிய தூக்கிகிட்டு போய் நின்னேன். விடவே மாட்டேன்னுட்டாங்க. நாலு மணிக்கு நின்னேன், அஞ்சு மணிக்கு நின்னேன். அலை வந்து மேல அடிக்குது. எங்கப்பாவ பாக்கணும், எங்கப்பாவ பாக்கணும்னு கத்தறேன். ஒருத்தர் காதுலயும் விழல அத்தை..."

"சரிம்மா, சரி" என்று அத்தை அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு, துண்டின் காய்ந்த முனையைத் தேடி, நனைந்திருந்த அவள் முகத்தைத் துடைத்தாள்.